பனை உச்சிக் குடித்தனக்காரர்

மரநாயைப் பற்றி ராமநாதபுரம் மாவட்டத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை பக்கத்தை முழுசாகப் பிடித்துக்கொண்டன. அரசியல், சினிமா கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கே: எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மூன்று நாளாகக் காலையில் கொட்டைகள் அப்பிய ஒரு கட்டி கிடக்கிறது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மாமியார் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருக்கிறார். (வாசகி, சாயல்குடி)

ப: அது செய்வினை இல்லை அம்மா, செரிமானம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து மாமியாருக்குச் சர்பத் போட்டுக் கொடுங்கள். மரநாய் இட்ட எச்சம் அது. பூனை மண்ணைப் பறித்து மூடிவிடும். மரநாய்க்கு அந்தப் பழக்கம் கிடையாது. சுவர் மேல், பாறை மேல், விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் என்று எல்லார் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து இட்டுவிட்டுப் போகும். ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். ஈச்சங்கொட்டையா, இலந்தைக் கொட்டையா, ஆலம்பழத்து அரிசியா என்று தெரிந்துவிடும். முதல்நாள் ராத்திரி உங்கள் ஊரில் எந்த மரம் பழுத்திருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. சதையைத் தின்றுவிட்டு விதையை உடைக்காமல் வெளியே தள்ளுவதுதான் இந்தப் பிராணியின் பெரிய குணம். கையுறை போட்டுக்கொண்டு அந்தக் கொட்டைகளைக் கொல்லையில் புதைத்து வையுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு என்ன முளைத்தது என்று எனக்கு எழுதுங்கள்.

கே: மரநாய் நாய் இனமா? (வாசகர், முதுகுளத்தூர்)

ப: இல்லை. தமிழில் அதை நாய் ஆக்கினோம். ஆங்கிலத்தில் 'டாடி கேட்', அதாவது கள்ளுப்பூனை என்றார்கள். மலையாளத்திலும் மரப்பட்டி, அங்கே பட்டி என்றால் நாய். ஆளாளுக்கு அதை அடுத்த வீட்டுப் பிள்ளையாகவே கூப்பிட்டிருக்கிறோம். அதற்குச் சொந்தக் குடும்பம் இருக்கிறது, விவெரிடே என்று பெயர். பூனைக்கும் கீரிக்கும் கழுதைப்புலிக்கும் அது தாயாதி முறை. நாய்க்கு ரொம்ப தூரம். இன்னொன்று: சங்கப் பாடல்களில் காட்டுப்பூனைக்கு வெருகு என்று பெயர். அதே சொல் மலையாளத்துக்குப் போய்ப் புனுகுப்பூனைக் கூட்டத்தைக் குறிக்கும் பெயராகிவிட்டது.

கே: அறிவியல் பெயரில் 'ஹெர்மாஃப்ரோடைட்டஸ்' என்று வருகிறது. ஆணும் பெண்ணும் ஒரே உடலிலா? மாணவர்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள். (ஆசிரியர், பரமக்குடி)

ப: சிரிக்கட்டும், பாடம் மனதில் நிற்கும். 1777-ல் பீட்டர் சைமன் பல்லாஸ் என்ற இயற்கையாளர் வைத்த பெயர் அது. ஆண், பெண் இரண்டுக்குமே வாலடியில் விதைப்பை போலத் தோன்றும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. அதைப் பார்த்து வந்த பெயர். உண்மையில் ஆண் ஆண்தான், பெண் பெண்தான். விலங்கியலில் முதலில் வைத்த பெயருக்கே உரிமை என்பதால் பிழையோடு சேர்ந்து அது இரண்டரை நூற்றாண்டாக நிலைத்துவிட்டது.

கே: ராத்திரி பத்து மணிக்கு மேல் தோட்டத்துப் பக்கம் அரிசி வெந்த வாசனை வருகிறது. யாரும் சமைக்கவில்லை. (வாசகர், திருவாடானை)

ப: மேலே சொன்ன சுரப்பியின் வேலைதான். மலேசியாவில் மரநாய்க்கு 'முசாங் பாண்டான்' என்றே பெயர். பாண்டான் என்பது நாம் பிரியாணியில் போடுகிற ரம்பை இலை, அதன் மணமும் அரிசி வெந்த வாசனை மாதிரிதான். உங்கள் தோட்டத்தில் சப்போட்டாவோ வாழையோ பழுத்திருக்கும், போய்ப் பாருங்கள்.

கே: கோயிலுக்குக் கொடுக்கிற புனுகு இதிலிருந்துதான் வருகிறதா? (வாசகி, ராமேஸ்வரம்)

ப: இல்லை அம்மா. புனுகுக்கு உரியது புனுகுப்பூனை. அது பெரும்பாலும் தரையில் திரியும், வாலில் கறுப்பும் வெளுப்புமாக வளையங்கள் இருக்கும். மரநாய்க்கு வாலில் வளையம் கிடையாது. முதுகில் கறுப்புக் கோடுகள், விலாவில் புள்ளிகள், கண்ணைச் சுற்றி முகமூடி போட்டதுபோல ஒரு கறுப்பு, நீண்ட கறுத்த வால். அரை மீட்டர் உடம்பு, கிட்டத்தட்ட அதே அளவு வால், எடை 2 முதல் 5 கிலோ.

புனுகின் பெருமை பெரிது. மயிலாடுதுறை கூறைநாட்டில் புனுகுப்பூனை வழிபட்ட தலமென்று புனுகீஸ்வரர் கோயிலே இருக்கிறது. திருமலையில் மூலவருக்குப் புனுகு சாத்தும் மரபு உண்டு. ஆனால் அந்த மணத்துக்கு மூலமான சிவெட்டோன் என்ற பொருளின் கட்டமைப்பை லியோபோல்ட் ருசிக்கா 1926-லேயே கண்டுபிடித்துவிட்டார். 1939-ல் அவருக்கு வேதியியல் நோபலும் கிடைத்தது. இன்று அதை ஆலையில் தயாரிக்கிறார்கள். ஒரு பிராணியைக் கூண்டில் அடைத்துச் சுரண்டி எடுத்த புனுகைத்தான் தெய்வம் கேட்கிறது என்று என்னால் நம்ப முடியவில்லை.

கே: நான் பனையேறி. விடியக் கருக்கலில் ஏறினால் கலயம் பாதி காலியாக இருக்கிறது. மரநாய்தான் குடிக்கிறது என்கிறார்கள், விஷம் வைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்? (வாசகர், கடலாடி)

ப: அண்ணே, விஷம் மட்டும் வேண்டாம். தளைநாரை மாட்டிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்து ஏறி இறக்குகிற பதநீர், அதில் அரைக் கலயம் போனால் வயிறு எரியும்தான். ஆனால் விஷம் வைத்த கலயமும் நல்ல கலயமும் ஒரே மரத்தில் தொங்கும். ஒரு நாள் கை மாறிப்போனால் அதை ஊற்றிக் குடிப்பது உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். மரநாயைக் கொல்வது 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அது போய்விட்டால் எலிக்குக் கொண்டாட்டம். பனை உச்சிவரை ஏறி எலி பிடிக்க வேறு யார் வருவார்கள்?

வழி உங்கள் மரத்திலேயே இருக்கிறது. பன்னாடையை இரண்டு மடிப்பாக மடித்துப் பாளையோடு சேர்த்துக் கலயத்தின் வாயை இறுகக் கட்டுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்ல இன்னொரு காரணம் உண்டு. ராத்திரி திறந்து கிடக்கிற கலயத்தில் பழந்தின்னி வௌவாலும் வாய் வைக்கும். பங்களாதேஷில் ஈச்ச மரத்துச் சாற்றைப் பச்சையாகக் குடித்தவர்களுக்கு வௌவால் வழியாக நிபா வைரஸ் தொற்றியது. 2001 முதல் அங்கே அது திரும்பத் திரும்ப வருகிறது. அதைத் தடுக்க மூங்கில் தட்டியால் பானையையும் சீவிய இடத்தையும் மறைத்துக் கட்டும் முறையை அங்குள்ள ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள், பலன் கிடைத்தது. அவர்களுக்குத் தட்டி, நமக்குப் பன்னாடை. கொதிக்கக் காய்ச்சி எடுக்கிற கருப்பட்டிக்கு இந்தப் பயம் இல்லை.

ஒரு யோசனை, கேட்டால் கேளுங்கள். பருவம் முடிந்து பாளை சீவாத பனைகள் தோப்பில் இருக்குமே, அதில் ஒன்றிரண்டின் காவோலையைக் கழிக்காமல் விட்டுவையுங்கள். மரநாய்க்குப் பகலில் படுக்க இடம் கிடைக்கும்.

கே: கள்ளுப்பூனை என்கிறார்களே, கள் குடித்து மயங்கி விழுமா? (வாசகர், தொண்டி)

ப: புளித்தால் கள், சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை. ஆகவே நம் மாவட்டத்து மரநாய் ஊர்ச் சட்டத்தை மீறாத பதநீர்ப் பிராணி.

கே: ராமநாதபுரத்தில் காடே கிடையாது. பிறகு காட்டு விலங்கு எங்கிருந்து வந்தது? (வாசகர், கமுதி)

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மேற்கே மலையைப் பார்த்தே காடு என்றால் இன்னதென்று பழகிவிட்டோம். அதனால் நம் ஊர்க் காடு நம் கண்ணில் படுவதில்லை. நம் காடு வரிசையாக நிற்கும். கண்மாய்க் கரையில் ஒரு வரிசை, புஞ்சை வரப்பில் ஒரு வரிசை, சுடுகாட்டு ஓரத்தில் பத்து மரம், ஐயனார் கோயில் பின்னால் நாற்பது மரம். சாயல்குடியிலிருந்து கடலாடி வரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். பனைக்கு நடுவில் உடைமரம், உடைக்கு அடியில் ஈச்சம்புதர், கடற்கரைப் பக்கம் உகாய். இலை குறைவு, முள் அதிகம், நிழல் சன்னம். ஆனால் ராத்திரியில் அது முழுக் காடு.

பட்டுப்போன ஓலை உதிராமல் பாவாடை மாதிரித் தொங்குகிற பனையை அண்ணாந்து பாருங்கள். நமக்கு அது கழிக்காமல் விட்ட சோம்பேறித்தனம். மரநாய்க்கு அதுதான் பகல் படுக்கை. வெயில் ஏறாது, காற்று வரும், கழுகுக்குத் தெரியாது. பல மரங்களில் படுக்கை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் தூங்கும். பனை இல்லையென்றால் ஆலமரப் பொந்து, அதுவும் இல்லையென்றால் உங்கள் வீட்டுக் கூரை.

பொந்து விழுவதற்கு மரத்துக்கு வயதாக வேண்டும். நம் மண்ணில் மரத்தை வயதாக விட்ட இடம் கோயில்தான். உத்தரகோசமங்கையில் தல மரம் இலந்தை, திருப்புல்லாணியில் அரசு. இரண்டு பழமும் மரநாய் விரும்பித் தின்பவை. பக்தியால் நின்ற மரங்கள் இந்தப் பிராணிக்கும் சோறு போட்டிருக்கின்றன.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். மரநாய் ஈச்சையை நடும், இலந்தையை நடும், ஆலையும் அரசையும் நடும். பனையை அதனால் நட முடியாது. பனங்கொட்டை அதன் தொண்டைக்குள் போகாது. பனையை மனிதர்தான் நட்டாக வேண்டும். மனிதர் பனை நட, பனையில் மரநாய் குடியேற, பனையடியில் அது மற்ற மரங்களை விதைக்க, அப்படித்தான் இந்தக் கரையில் காடு உண்டாகியிருக்கிறது. களக்காடு மலையில் இதன் நெருங்கிய உறவான பழுப்பு மரநாயைப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வாளர் திவ்யா முத்தப்பா, அதன் உணவில் மிகப் பெரும்பகுதி பழமே என்று காட்டினார். ஊனுண்ணி வரிசையில் பெயர் இருக்கிறது, தட்டில் இருப்பது பழம். நம் சமவெளி மரநாயை அப்படி யாராவது நாலு வருடம் பின்தொடர வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது வருத்தமான பகுதி. செங்கல் சூளைக்குப் பனை போய்க்கொண்டிருக்கிறது. நம் மாநில மரம் அது. ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது, நல்ல காரியம். பனை விதை நடும் இளைஞர்களையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் இன்று நட்ட பனை பாளை விடப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். நிற்கிற பனை இன்றைக்கு ராத்திரியே வீடு. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவை சரணாலயங்களுக்கு 2022-லும் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களுக்கு 2025-லும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. அந்தக் கண்மாய்த் தண்ணீரில் நீந்தும் பறவையைப் பகலில் எண்ணுகிறோம். கரைப் பனையில் தூங்கும் குடித்தனக்காரரையும் ஒரு ராத்திரி எண்ணலாம்.

கே: சீமைக்கருவேலங்காடு இத்தனை கிடக்கிறதே, அதில் இருந்துகொள்ளாதா? (வாசகர், ஆர்.எஸ்.மங்கலம்)

ப: மறைந்து நடக்க உதவும். குடியிருக்க உதவாது. பொந்து விழும் வயது வருவதற்குள் மரம் கரிமூட்டத்துக்குப் போய்விடும்.

கே: மரநாய்க் கறி மூலத்துக்கும் இளைப்புக்கும் நல்லது என்று எங்கள் பக்கத்தில் பிடிக்கிறார்கள். உண்மையா? (வாசகர், பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)

ப: அந்தக் கறிக்கு எந்த நோயையும் தீர்க்கும் சக்தி கிடையாது. மூலத்துக்கும் இளைப்புக்கும் அரசு மருத்துவமனையில் காசில்லாமல் சிகிச்சை உண்டு. பிடிப்பவருக்குச் சிறை உண்டு. தின்பவருக்கு அந்தப் பிராணியின் உடம்பில் இருக்கும் கிருமியும் கிடைக்கும். தயவுசெய்து இதைப் பிடிப்பவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். ஒரு வலை குறைந்தாலும் இந்தப் பக்கம் எழுதியதற்குப் பலன்.

கே: சீனாவில் மரநாயால்தான் சார்ஸ் வந்தது என்று படித்தேன். ஓட்டு வீட்டில் ஒன்று குடியிருக்கிறது. பயமாக இருக்கிறது. (வாசகி, ராமநாதபுரம்)

ப: முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். 2002-03-ல் வந்த சார்ஸின்போது குவாங்டாங் சந்தைகளில் கூண்டுகூண்டாக விற்பனைக்கு அடைத்திருந்தது வேறு இனம், முகமூடி மரநாய். வைரஸின் பூர்வீகம் லாட வௌவால் என்று பிறகு தெரிந்தது. 2004 ஜனவரியில் ஆயிரக்கணக்கான மரநாய்களை அங்கே கொன்று தீர்த்தார்கள். பிடித்து, அடைத்து, நெருக்கி, கழுத்தறுத்த சந்தைதான் நோய்க்கு வாசல் திறந்தது. உங்கள் ஓட்டுக்கு மேலே போய்வருகிற ஒன்று அப்படிப்பட்டதல்ல.

இருந்தாலும் மூத்திர நாற்றமும் நடுராத்திரி ஓட்டமும் தொல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். குட்டி இருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். கீச்கீச்சென்று சத்தம் கேட்டால் இரண்டு மாதம் பொறுங்கள். குட்டிகள் தாயோடு கிளம்பிவிடும். குட்டி இல்லையென்றால், இருட்டிய பிறகு அது இரைதேடப் போன நேரத்தில் ஓட்டுச் சந்தைக் கம்பி வலையால் அடைத்துவிடுங்கள். பகலில் அடைத்தால் உள்ளேயே மாட்டிக்கொண்டு செத்துப்போகும். கூரையில் உரசுகிற முருங்கைக் கிளையையும் வேப்பங்கிளையையும் கழித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கையால் பிடிக்கப் போகாதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போய்விடுங்கள்.

கே: நாலு கோழிக்குஞ்சு காணோம். மரநாய்தானா? (வாசகி, தேவிபட்டினம்)

ப: இருக்கலாம். பழம் இல்லாத நாளில் எலி, பல்லி, நத்தை, வண்டு, கிடைத்தால் குஞ்சு. பஞ்சாரத்தின் மேல் ஒரு அம்மிக்கல்லை வையுங்கள்.

கே: இலங்கையிலும் மரநாய் இருக்கிறதாமே? கடலைத் தாண்டி எப்படிப் போனது? (மீனவ வாசகர், தங்கச்சிமடம்)

ப: நடந்தே போனது. பாக் நீரிணையின் ஆழம் உங்களுக்குத் தெரியாததா? பெரும்பாலான இடத்தில் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். கடைசிப் பனியுகத்தில், சுமார் 20,000 ஆண்டுக்கு முன்பு, உலகக் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீட்டருக்கு மேல் கீழே இருந்தது. அப்போது நீங்கள் வலை வீசுகிற இடம் தரை. அந்தத் தரையில் யானையும் நடந்திருக்கும், சிறுத்தையும் நடந்திருக்கும், அவற்றின் காலடியில் மரநாயும் போயிருக்கும். பிறகு தண்ணீர் ஏறி மணல்திட்டுகள் மட்டும் மிஞ்சின. அந்தக் கரையில் யாழ்ப்பாணத்துப் பனை, இந்தக் கரையில் ராமநாதபுரத்துப் பனை, இரண்டு கரையிலும் ஒரே இனத்து மரநாய். இதோடு, உலகில் வேறெங்கும் இல்லாத பொன்னிற மரநாய் ஒன்றும் இலங்கையில் உண்டு. அது அந்தத் தீவிலேயே தனியாக உருவான இனம்.

கே: இங்கே ஒருவர் 'லுவாக் காபி' வாங்கிக் கொடுத்தார். மரநாய் தின்று கழித்த கொட்டையாம். விலையைக் கேட்டு அசந்துபோனேன். வாங்கி ஊருக்கு அனுப்பலாமா? (கீழக்கரை வாசகர், துபாயிலிருந்து)

ப: வேண்டாம் பாய். ஒருகாலத்தில் இந்தோனேசியத் தோட்டத் தொழிலாளிகள் காட்டில் கிடந்த எச்சத்தைப் பொறுக்கிக் கழுவி வறுத்துக் குடித்த பானம் அது. விலை ஏறியதும் மரநாயைப் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். தனிமையில் திரியும் ராத்திரிப் பிராணியைப் பகல் வெளிச்சத்தில், கம்பிவலைத் தரையில் நிற்கவைத்துக் காப்பிப் பழமாகத் தின்னக் கொடுக்கிறார்கள். பாலித் தீவில் 16 தோட்டங்களில் ஏறக்குறைய 50 மரநாய்களை நேரில் பார்த்து 2016-ல் ஓர் ஆய்வு வெளியானது. அடிப்படை நலன்கூட எந்த இடத்திலும் சரியாக இல்லை என்பது அதன் முடிவு. பொட்டலத்தில் 'காட்டில் சேகரித்தது' என்று அச்சடித்திருந்தால் அதைச் சோதித்துப் பார்க்க உங்களுக்கும் எனக்கும் வழி இல்லை. அந்தப் பணத்தில் சாயல்குடிக் கருப்பட்டி வரவழையுங்கள். சுக்குத் தட்டிப் போட்டு அதில் ஒரு காபி குடியுங்கள். ஒரு பனை நிற்பதற்கு நீங்கள் கொடுக்கிற கூலி அது.

கே: தேவாங்கும் மரநாயும் ஒன்றா? (வாசகர், மண்டபம்)

ப: தேவாங்கு குரங்குக்கு உறவு, வால் இல்லாதது, உள்ளங்கையில் அடங்கும். கரூர், திண்டுக்கல் எல்லையில் கடவூரில் அதற்கென்று 2022-ல் சரணாலயம் அறிவித்தார்கள், நாட்டிலேயே முதலாவது. மரநாய்க்குச் சரணாலயம் அறிவிக்கத் தேவையில்லை. வரப்புப் பனையை விட்டால் போதும்.

கே: புயல் காற்றில் தென்னை முறிந்து விழுந்து, ஓலைக்குள் இரண்டு குட்டிகள். கண் திறக்கவில்லை. பால் கொடுக்கலாமா? (வாசகி, பாம்பன்)

ப: பசும்பால் கொடுக்காதீர்கள், வயிறு கெட்டுவிடும். ஒரு பெட்டியில் பழைய துணியை விரித்துக் குட்டிகளை வைத்து, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நாய் எட்டாத உயரத்தில் கட்டிவையுங்கள். எல்லாரும் விலகிப்போய் விளக்கையும் அணையுங்கள். தாய் பெரும்பாலும் ராத்திரியே வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விடும். விடிந்தும் குட்டிகள் அங்கேயே இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வளர்க்கலாமே என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். சட்டம் இடம் தராது, அந்தக் குட்டிக்கும் நல்லதில்லை.

கே: நான் எட்டாம் வகுப்பு. ஒரு தடவையாவது மரநாயைப் பார்க்க வேண்டும். எப்போது, எங்கே போகணும்? (மாணவி, உச்சிப்புளி)

ப: தனியாகப் போகாதே. தாத்தாவையோ சித்தப்பாவையோ கூட்டிக்கொள். பௌர்ணமி வேண்டாம் கண்ணு. நல்ல நிலா வெளிச்சத்தில் அது குறைவாகத்தான் நடமாடும். நேபாளத்தில் ஆய்வு செய்தவர்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். தேய்பிறையில் ஒரு நாள் பார்த்து, பழுத்த ஆலமரமோ அரசமரமோ இருக்கும் இடத்தைப் பகலிலேயே குறித்துவை. இருட்டிய பிறகு ஏழு மணிக்கெல்லாம் போய் இருபது அடி தள்ளி உட்கார். டார்ச்சின் முகப்பில் சிவப்பு ஜெலட்டின் தாளை ஒட்டிக்கொள், வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணைக் கூசவைக்கும். செல்போனைச் சத்தமில்லாமல் வை. முதலில் பழம் உதிரும் சத்தம் கேட்கும். வௌவாலாகவும் இருக்கலாம், பொறு. கிளை அசைந்து, இறக்கை அடிக்கும் சத்தம் வராவிட்டால் அப்போது டார்ச்சைத் தூக்கு. எந்த மரம், என்ன பழம், மணி எத்தனை என்று மூன்றையும் நோட்டில் குறித்து எனக்கு அனுப்பு. அடுத்த முறை இந்தப் பக்கத்தில் முதலாவதாகப் போடுகிறேன்.